விளக்கைப் போட்டால் ஆயில் அழுத்தம் குறைகிறது, வெப்பம் ஏறுகிறது: எஞ்சின் மீட்டர்களை நம்புவதா?

விண்சிறகு – கேள்வி

வணக்கம். என்னுடைய இரண்டு இருக்கை விமானத்தில் எஞ்சின் மீட்டர்கள் காட்டும் அளவுகள் கடந்த ஆறு வாரங்களாக ஒரு நிலையில் நிற்பதில்லை. இது நானே கட்டிய விமானம். பறக்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சினும் எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் 14 வோல்ட் ஆல்டர்னேட்டரும் உள்ளன. ஆயில் அழுத்தம், ஆயில் வெப்பம், நான்கு சிலிண்டர் தலைகளின் வெப்பம், நான்கு புகைக்குழாய்களின் வெப்பம் ஆகிய அனைத்தும் ஒரே மின்னணுத் திரையில் தெரியும்.

முதன்முறை இதைக் கவனித்தது ஒரு மாலையில், இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிவரும் வான்பாதைக்குள் நுழைந்தபோது. இறங்கு விளக்கு, மின்னும் விளக்குகள், மின் எரிபொருள் பம்ப் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். திரையில் ஆயில் அழுத்தம் 80 பி.எஸ்.ஐ.யிலிருந்து (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) 65-க்கு இறங்கியது. ஆயில் வெப்பம் 90 டிகிரி செல்சியஸிலிருந்து 102-க்கு ஏறியது. அழுத்தம் விழுந்து வெப்பம் ஏறினால் எஞ்சின் ஆயிலை இழக்கிறது என்றுதான் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனவே வேறெதையும் ஆராயாமல் இறங்கிவிட்டேன். தரையில் பார்த்தபோது ஆயில் மட்டம் சரியாக இருந்தது, கசிவு இல்லை, வடிகட்டியை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்ததில் உலோகத் துகள் ஒன்றும் இல்லை.

அதன்பின், அழுத்தத்தை அளந்து திரைக்கு அனுப்பும் ஆயில் அழுத்த உணரியை மாற்றினேன். ஒற்றை முனை கொண்ட அதே வகைதான். கசியக் கூடாது என்று அதன் திருகுப்புரியில் டெஃப்லான் டேப் சுற்றிப் பொருத்தினேன். பழைய கோளாறு அப்படியே தொடர்கிறது. புதிதாக ஒன்று மட்டும் நேர்ந்திருக்கிறது: விளக்குகள் அணைந்திருக்கும்போதும் முன்பைவிட நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுகிறது.

இவை தவிர இன்னும் இரண்டு தொல்லைகள் உள்ளன. மூன்றாவது சிலிண்டர் தலையின் வெப்பம் 185 டிகிரியில் நிற்கும்போது திடீரென்று 60-க்கு விழுந்து, ஓரிரு நொடியில் மீண்டும் 185-க்கு வந்துவிடுகிறது. ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தினால் நான்கு புகைக்குழாய் வெப்பங்களும் ஒன்றாக 40, 50 டிகிரி துள்ளுகின்றன. பொத்தானை விட்டதும் அடங்கிவிடுகின்றன.

இவை எல்லாம் ஒரே கோளாறின் பல முகங்களா, அல்லது தனித்தனிக் கோளாறுகளா? எங்கிருந்து தொடங்குவது? திரையையே மாற்றிவிடலாம் என்றும் தோன்றுகிறது. உடன் பறப்பவர்கள் சிலர், “மீட்டர்தான் பொய் சொல்கிறது, எஞ்சின் நன்றாக ஓடுகிறதே, பறந்துகொண்டே பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். அப்படிப் பறக்கலாமா?

கருவிப்பெட்டி – மறுமொழி

நண்பரே, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: பறக்க வேண்டாம். மீட்டர் பொய் சொல்கிறது என்பதுதான் என்னுடைய ஊகமும். ஆனால் ஊகத்தை நம்பி ஆயில் அழுத்தத்தைப் புறக்கணிக்கப் பழகிவிட்ட விமானி, அது உண்மையாகவே விழும் நாளிலும் அதே பழக்கத்தில் இருப்பார். ஆயில் அழுத்தம் முற்றிலும் போனபின் எஞ்சின் தாங்கும் நேரம் மிகக் குறைவு. அன்று மாலை நீங்கள் உடனே இறங்கியது மிகச் சரியான செயல்.

மின்சாரத்தைத் தொடுவதற்கு முன், மின்சாரமே தேவைப்படாத ஒரு மீட்டரைக் கொண்டு உண்மையை அறிந்துகொள்ளுங்கள். வளைகுழாய் வைத்த, நேரடியாக அழுத்தத்தைக் காட்டும் முள் மீட்டர் ஒன்றை, உணரி இருக்கும் அதே துளையில் ஒரு ‘டி’ இணைப்பின் வழியாக, எஞ்சின் ஆயிலுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற குழாயால் பொருத்துங்கள். இது தரையில் ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும். பெரும்பாலான எஞ்சின்களில் அந்தத் துளைக்கான இணைப்பில் மிகச் சிறிய துவாரம் ஒன்று வைத்திருப்பார்கள். குழாய் அறுந்தாலும் ஆயில் மெதுவாகவே வெளியேற வேண்டும் என்பதற்காக. மாட்டும் அவசரத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு இணைப்பைப் போட்டுவிடாதீர்கள். முள் மீட்டரை விமானி இருக்கையிலிருந்து தெரியுமாறு கட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் விளக்குகளைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். திரை 65 என்று சொல்லும்போது முள் 80-லேயே நின்றால், எஞ்சினுக்குள் ஒன்றும் இல்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இனி, நான் ஏன் மீட்டரைச் சந்தேகிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன். ஆயில் அழுத்தம் கண நேரத்தில் மாறக்கூடியது. ஆகவே அது விழுந்ததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஆயில் வெப்பம் அப்படியல்ல. ஏழெட்டு லிட்டர் ஆயிலும் அது தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பும் அலுமினியமும் ஒரு சுவிட்சைப் போட்ட நொடியில் 12 டிகிரி சூடேற முடியாது. நீங்கள் எழுதியதில் எத்தனை நொடியில் ஏறியது என்பது இல்லை. விளக்கைப் போட்டவுடனேயே ஏறியதா, சில நிமிடங்களில் மெல்ல ஏறியதா என்பதை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். மூன்றாவது சிலிண்டரும் அவ்வாறே: அத்தனை கனமான அலுமினிய வார்ப்பு ஒரு நொடியில் 125 டிகிரி குளிர்ந்து மறு நொடியில் சூடேறாது. எஞ்சினுக்குள் நடக்க இயலாத வேகத்தில் ஓர் அளவு மாறுமானால் கோளாறு ஒயரில், இணைப்பில், உணரியில் அல்லது திரையில்தான் இருக்கும்.

உணரியை மாற்றிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு மீட்டர்கள் சேர்ந்து நகரும்போது இரண்டு உணரிகளும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவ்விரண்டுக்கும் பொதுவானது எது என்று தேட வேண்டும்.

மின்தடம் – மறுமொழி

பொதுவானது எர்த். ஒற்றை முனை உணரி என்று நீங்கள் எழுதியதும், அழுத்தம் இறங்கும்போதே வெப்பம் ஏறுகிறது என்று எழுதியதும் எனக்குப் பெரும்பாலும் போதுமானவை. சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இது புரிந்துவிட்டால் நீங்கள் திரைக்குப் பணம் செலவழிக்க மாட்டீர்கள்.

விமான எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினுக்கும் விமான உடலுக்கும் இடையே ஓடும் பின்னல் செம்புப் பட்டைதான் இரண்டுக்கும் முறையான மின்பாதை. உங்கள் ஆயில் அழுத்த உணரிக்கும் ஆயில் வெப்ப உணரிக்கும் எர்த் ஒயர் தனியாகக் கிடையாது. அவற்றின் உலோகக் கூடு எஞ்சினில் திருகப்பட்டிருப்பதே எர்த். திரையோ தன் அளவை விமான உடலின் எர்த்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. எஞ்சினும் உடலும் மின்னளவில் ஒன்றே என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது.

ஆல்டர்னேட்டர் எஞ்சினில்தான் பூட்டப்பட்டுள்ளது. அது தரும் மின்னோட்டம் விளக்குகளுக்குச் சென்று, விமான உடல் வழியாகத் திரும்பி, அந்தச் செம்புப் பட்டையைக் கடந்துதான் ஆல்டர்னேட்டருக்கு வர வேண்டும். பட்டையின் முனையில் களிம்பு ஏறி, ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 ஆம்பியர் ஓடும்போது அங்கே 0.3 வோல்ட் நிற்கும். எஞ்சின் முழுவதும் விமான உடலைவிட 0.3 வோல்ட் தாழ்ந்துவிடும்.

இது சிறிய அளவு போலத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் அழுத்த உணரி வகை ஒன்றில் அழுத்தமே இல்லாதபோது தடை 10 ஓம். 10 பார் (145 பி.எஸ்.ஐ.) அழுத்தத்தில் 184 ஓம். 80 பி.எஸ்.ஐ.க்கு ஏறத்தாழ 115 ஓம் வரும். திரை 5 வோல்டை 220 ஓம் தடை வழியாக உணரிக்கு அனுப்பி அளக்கிறது என்று எடுத்துக்கொண்டால், எஞ்சின் 0.3 வோல்ட் தாழும்போது அதே 115 ஓம் திரைக்கு 96 ஓமாகத் தெரியும். அது சுமார் 64 பி.எஸ்.ஐ. உங்கள் திரையின் உள்ளமைப்பு வேறாக இருக்கலாம், ஆனால் நீங்கள் கண்ட 65-க்கு இது எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள்.

ஆயில் வெப்ப உணரி இதற்கு நேர்மாறானது. வெப்பம் ஏற ஏற அதன் தடை குறையும். ஆகவே தடை குறைந்ததுபோலத் தோன்றச் செய்யும் அதே கோளாறு, அழுத்த மீட்டரைக் கீழே தள்ளி, வெப்ப மீட்டரை மேலே தூக்குகிறது. எர்த் பட்டை கெட்டால் கிடைக்கும் தோற்றம், ஆயில் போய்க்கொண்டிருக்கும் எஞ்சினின் தோற்றமேதான். இதனால்தான் இந்தக் கோளாறை நான் மிகவும் வெறுக்கிறேன். விமானியை அச்சுறுத்துவதற்கென்றே அமைத்ததுபோல இருக்கிறது.

கருவி எதுவும் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். தரையில், எஞ்சின் ஓடும்போது, விளக்குகளை அணைத்துவிட்டு ஆல்டர்னேட்டர் சுவிட்சை அணையுங்கள். பின்பு விளக்குகளைப் போடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்; முழுச் சுமையில் ஆல்டர்னேட்டரைத் துண்டித்தால், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை உள்ளேயே கொண்ட சில வகைகளில் மின்னழுத்தம் திடீரென எகிறி மற்றக் கருவிகளைக் கெடுத்துவிடும். இப்போது விளக்குகள் பேட்டரியிலிருந்து எரிகின்றன. பேட்டரி விமான உடலோடு இணைந்திருப்பதால் அந்த மின்னோட்டம் எஞ்சின் பட்டையைத் தொடுவதே இல்லை. மீட்டர்கள் சரியான அளவில் நின்றால் குற்றவாளி விளக்குகள் அல்ல, ஆல்டர்னேட்டருக்குத் திரும்பும் பாதை என்று தெரிந்துவிடும்.

அடுத்து மல்டிமீட்டர். கறுப்பு முனையைத் திரையின் எர்த் புள்ளியிலும், சிவப்பு முனையை எஞ்சின் உடலில் வண்ணம் இல்லாத ஒரு போல்ட்டிலும் இணையுங்கள். நீளமான ஒயர் போட்டு மீட்டரை விமானி அறைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது சுழலும் புரொப்பெல்லருக்கு அருகில் எவரும் நின்று அளக்கக் கூடாது. இணைப்பதும் கழற்றுவதும் எஞ்சின் நின்ற பிறகு, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களின் சுவிட்சுகள் அணைந்த பிறகு. ஆல்டர்னேட்டர் சுமையில் இருக்கும்போது மீட்டர் கழித்தல் குறியோடு ஒரு எண்ணைக் காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடுவதால் கூட்டல் குறியாகும். விளக்குச் சுமையில் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நான் அந்தப் பட்டையை விட்டுவிடுவேன். 300 மில்லிவோல்ட் என்றால் கழற்றிவிடுவேன்.

டெஃப்லான் டேப்பைப் பற்றி ஒரு சொல். ஒற்றை முனை உணரிக்குப் புரிதான் எர்த் என்றேன். அதன்மேல் டேப்பைச் சுற்றினால் பாதையில் நீங்களே தடை சேர்க்கிறீர்கள். 5 ஓம் சேர்ந்தாலே அந்த வகை உணரியில் நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். உங்கள் ‘புதிய தொல்லை’ அதுதான். டேப்பை முழுவதும் எடுத்துவிட்டு, எஞ்சின் தயாரிப்பாளர் அனுமதிக்கும் புரிப்பசையை முதல் ஓரிரு புரிகளை விட்டு மெல்லியதாகத் தடவிப் பொருத்துங்கள். உணரி எஞ்சினிலேயே நேராக நீட்டிக்கொண்டிருந்தால், அதை, எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவருக்கு மாற்றி, இடையில் வளையும் குழாய் போடுவது நல்லது. அதிர்வு உணரியின் உள்ளுறுப்புகளைத் தேய்ப்பதோடு, அதன் இணைப்பையும் ஒருநாள் முறித்துவிடும். சுவருக்கு மாற்றினால் அதற்கு எர்த் ஒயர் தனியே கொடுக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வானோடி – மறுமொழி

மேலே இருவரும் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையைப் பின்னர் படிக்கப்போகும் ஒருவர், தம் மீட்டரும் இப்படித்தான் என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

என் விமானத்தில் ஆயில் அழுத்தம் அலைந்தபோது, எர்த் இணைப்புகளையும் உணரியையும் ஒயர்களையும் மூன்று மாதங்கள் வரிசையாக மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சில நாட்கள் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். இறுதியில் ஒரு முள் மீட்டரை மாட்டியபோது அதுவும் திரையோடு சேர்ந்தே ஆடியது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் இருக்கையில் ஒரு துணுக்கு அழுக்கு சிக்கியிருந்தது. வால்வு முழுதாக மூடாமல் ஆயில் வழிந்துகொண்டிருந்தது. மீட்டர் அத்தனை நாளும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மூன்று மாதங்களிலும் நான் பறந்தேன் என்பதை இன்று நினைத்தால் மனம் பதறுகிறது.

பின்னோக்கிப் பார்க்கும்போது அடையாளம் தெளிவாகவே இருந்திருக்கிறது. என் அளவுகள் எஞ்சினின் வேகத்தோடும் ஆயிலின் சூட்டோடும் சேர்ந்து மாறின: சூடேறிய பின், குறைந்த வேகத்தில் அதிகமாக ஆடும், வேகத்தைக் கூட்டினால் ஓரளவு அடங்கும். எந்த மின் சுவிட்சைத் தொட்டாலும் அதில் மாற்றம் இருந்ததில்லை. விண்சிறகு அவர்களின் அளவுகள் சுவிட்சுகளைப் பின்பற்றுகின்றன. பறக்கும்போது ஒரு தாளில், எந்த நேரத்தில் எந்த சுவிட்ச், எந்த வேகம், எந்த அளவு என்று குறித்துவைத்திருந்தால் எனக்கு இந்த வேறுபாடு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். நினைவை நம்பினேன்.

வானில் இருக்கும்போது இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுமையைக் குறைத்ததும் அளவு திரும்பிவிட்டாலும், அருகில் இறங்க இடம் இருந்தால் இறங்கிவிட்டு ஆராயுங்கள்.

விண்சிறகு – தொடர்ச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கருவிப்பெட்டி ஐயா கேட்டதற்கு: வெப்பம் விளக்கைப் போட்ட நொடியிலேயே தாவியது; மெல்ல ஏறவில்லை. இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

முள் மீட்டரைப் பொருத்தி ஓட்டினேன். விளக்குகளைப் போட்டபோது திரை கீழே இறங்கியது, முள் அசையவில்லை. ஆல்டர்னேட்டரை அணைத்து, சொன்ன வரிசையில் விளக்குகளைப் போட்டபோது திரையும் அசையவில்லை. மல்டிமீட்டர் சுமையில் கழித்தல் 310 மில்லிவோல்ட் காட்டியது.

பட்டையைக் கழற்றினேன். எஞ்சின் பக்கத்து முனை சுத்தமாக இருந்தது. தீத்தடுப்புச் சுவர்ப் பக்கத்தில், கட்டும்போது நானே அடித்த வண்ணத்தின் மேல் லக் (பட்டையின் முனையிலுள்ள உலோக வளையம்) உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டின் புரி வழியாக மட்டுமே இத்தனை ஆண்டுகளும் மின்சாரம் ஓடியிருக்கிறது. அந்தப் புரியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சுவரின் இருபுறமும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு, ஈயம் பூசிய புதிய பின்னல் பட்டையால் இறுக்கினேன். இப்போது அதே சுமையில் கழித்தல் 18 மில்லிவோல்ட். டேப்பையும் நீக்கிவிட்டேன். திரையும் முள்ளும் இரண்டு பி.எஸ்.ஐ. வேறுபாட்டுக்குள் ஒன்றாக நிற்கின்றன.

மூன்றாவது சிலிண்டரும் ரேடியோத் துள்ளலும் மட்டும் மாறவில்லை. ஆக, கோளாறுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்றாகிறது.

மின்தடம் – மறுமொழி

310-லிருந்து 18-க்கு வந்தது பெரிய மாற்றம். இத்துடன் ஒன்றையும் பார்த்துவிடுங்கள். பட்டை சரியில்லாத நாட்களில் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் வேறு வழி தேடியிருக்கும். எஞ்சினிலிருந்து விமானி அறைக்குள் செல்லும் திராட்டில் (எஞ்சின் வேகம்), மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) கம்பிகளின் எஃகு உறைகள்தான் அதற்குக் கிடைக்கும் வழி. அந்தக் கம்பிகளை முழு நீளத்துக்கும் பாருங்கள். உறை கருகியிருந்தாலோ, இழுக்கும்போது எங்காவது பிடித்தாலோ மாற்றியாக வேண்டும்.

மூன்றாவது சிலிண்டர் முற்றிலும் வேறு கதை. சிலிண்டர் தலையில் இருப்பது தெர்மோகப்பிள். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகள் சேரும் முனை. சிலிண்டர் தலைகளுக்குப் பொதுவாக இரும்பும் கான்ஸ்டன்டனும் சேர்ந்த ஜே வகையையும், புகைக்குழாய்க்குக் குரோமெல், அலுமெல் சேர்ந்த கே வகையையும் பயன்படுத்துவார்கள். அது தடையை அளப்பதில்லை; தானே மிகச் சிறிய மின்னழுத்தத்தைத் தருகிறது. ஜே வகையில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட். கே வகையில் ஏறத்தாழ 40.

உங்கள் அளவு 185-லிருந்து பூச்சியத்துக்கோ, திரையின் எல்லைக்கு வெளியிலோ போகாமல் ஒவ்வொரு முறையும் 60-க்கு வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. தெர்மோகப்பிளின் இரண்டு கம்பிகளும் வழியில் எங்காவது உறை தேய்ந்து ஒன்றையொன்று தொட்டால், தொட்ட இடமே புதிய முனையாகிவிடும். திரை அந்த இடத்தின் வெப்பத்தை, உண்மையாகவே அளந்து, காட்டும். ஆகவே 60 என்பது பொய்யான எண் அல்ல. எஞ்சின் மூடிக்குள் 60 டிகிரியில் இருக்கும் ஏதோ ஓரிடத்தின் சரியான வெப்பம். காற்றைத் திருப்பிவிடும் தகடுகளின் ஊடாக ஒயர் நுழையும் துளையிலிருந்து தேடத் தொடங்குங்கள். அங்குள்ள ரப்பர் வளையம் காய்ந்து விழுந்திருந்தால் தகட்டின் விளிம்பு ஒயரை அறுத்துக்கொண்டிருக்கும்.

தேடுவதற்கு முன் இரண்டாவது, மூன்றாவது ஒயர்களைத் திரையின் பின்புறம் இடம் மாற்றிப் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். துள்ளல் திரையில் இரண்டாவது இடத்துக்குத் தாவினால் கோளாறு ஒயர்ப் பக்கம். மூன்றாவதிலேயே நின்றால் திரைப் பக்கம். பழுது கண்ட இடத்தில் சாதாரணச் செம்பு ஒயரை இணைத்து ஒட்டுப்போட வேண்டாம். அதே ஜே வகை ஒயர்தான் வேண்டும். செம்பை நுழைத்தால், இணைப்புகள் இரண்டும் ஒரே வெப்பத்தில் இல்லாதவரை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு பிழையைச் சேர்க்கும். நிறக் குறியிலும் கவனம் தேவை: அமெரிக்க முறையில் தெர்மோகப்பிள் ஒயரில் சிவப்புதான் எதிர்முனை. மற்ற மின்வேலைகளில் பழகிய கை இதை எளிதில் மாற்றிப் போட்டுவிடும்.

கருவிப்பெட்டி – மறுமொழி

ரேடியோவைப் பற்றி நான் சொல்கிறேன். புகைக்குழாய் உணரிகளின் சமிக்ஞை அவ்வளவு சிறியது என்பதால், ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் புகுந்தாலே ஏறத்தாழ 25 டிகிரி பிழை வந்துவிடும். விமான ரேடியோ 118-க்கும் 137-க்கும் இடைப்பட்ட மெகாஹெர்ட்ஸில், சில வாட் ஆற்றலோடு அனுப்புகிறது. அருகில் ஓடும் உறையற்ற ஒயர் எதுவும் அதற்கு ஆண்டெனாவாகிவிடும். நான்கும் ஒன்றாகத் துள்ளுவதால் தனி உணரியைத் தேட வேண்டியதில்லை.

ஆண்டெனா கேபிளை ரேடியோவின் பின்புறம் கழற்றி, அதன் இடத்தில், ஆற்றலை வெளியே பரப்பாமல் தானே உறிஞ்சிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடு ஒன்றைப் போட்டுப் பேசுங்கள். துள்ளல் நின்றுவிட்டால் இரைச்சல் ஆண்டெனாவிலிருந்தோ அதன் கேபிளிலிருந்தோ காற்று வழியாக வருகிறது. நிற்காவிட்டால் ரேடியோவின் மின்சார ஒயர், எர்த் ஒயர் வழியாக வருகிறது. லோடு எதுவும் இல்லாமல் பொத்தானை அழுத்த வேண்டாம். ரேடியோவின் வெளியீட்டுப் பகுதி கெட்டுவிடக்கூடும்.

காற்று வழி என்று தெரிந்தால், முதலில் கேபிளின் இரு முனைக் கனெக்டர்களையும் ஆண்டெனாவின் அடித்தகடு விமான உடலைத் தொடும் இடத்தையும் பாருங்கள். பின்னல் உறை சரியாக இணையாத கேபிள், உள்ளே இருக்க வேண்டிய ஆற்றலை வழிநெடுகக் கசியவிடும். அதன்பின் உணரி ஒயர்களை ஆண்டெனா கேபிளோடு ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறீர்களா என்று பார்த்துப் பிரியுங்கள். இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் குறுக்கிடட்டும். ஒயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுவது இவற்றுக்குப் பிறகுதான். காரணத்தை விட்டுவிட்டு அதை முதலில் மாட்டினால் கசியும் கனெக்டர் அப்படியே இருக்கும். ஒருநாள் உங்கள் குரலும் எதிர்முனைக்குச் சரியாகப் போய்ச் சேராது.

இந்தப் பணிகளுக்காக, எஞ்சினின் வேகத்தைக் காட்டும் சுழற்சி மீட்டரின் ஒயர்களை அசைக்க நேர்ந்தால் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். பல விமானங்களில் அது மேக்னெட்டோவை அணைக்கும் ஒயரிலிருந்தே சமிக்ஞை எடுக்கிறது. அந்த ஒயர் அறுந்தாலோ கழன்றாலோ சுவிட்ச் அணைந்திருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். புரொப்பெல்லரைக் கையால் லேசாகத் திருப்பினாலும் எஞ்சின் பற்றிக்கொள்ளக்கூடும். வேலை முடிந்து முதலில் ஓட்டும்போது, எஞ்சினை நிறுத்துவதற்கு முன் இரண்டு மேக்னெட்டோக்களும் சுவிட்சுக்குக் கட்டுப்படுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

விண்சிறகு – தொடர்ச்சி

ஒயர்களை இடம் மாற்றியபோது துள்ளல் இரண்டாவது இடத்துக்கு வந்தது. பின்புறத் தகட்டில் ஒயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி காணாமற்போயிருந்தது. ஒயரின் உறை ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்து, இரண்டு கம்பிகளும் வெளியே தெரிந்தன. ஒட்டுப்போடாமல் உணரியை அதன் ஒயரோடு புதிதாக மாற்றிவிட்டேன். எல்லாத் துளைகளுக்கும் வெப்பம் தாங்கும் சிலிக்கோன் வளையங்கள் போட்டாயிற்று. இரண்டு மணி நேரம் பறந்ததில் மூன்றாவது சிலிண்டர் ஒருமுறையும் விழவில்லை.

டம்மி லோடு போட்டுப் பேசியபோது புகைக்குழாய் அளவுகள் அசையவில்லை. ஆண்டெனாப் பக்கத்துக் கனெக்டரில் பின்னல் உறை சரியாக அழுத்தப்படாமல், கையால் இழுத்ததுமே கழன்று வந்துவிட்டது. புதிய கனெக்டர் போட்டு, ஒயர்க் கட்டையும் பிரித்த பின், துள்ளல் ஐந்து டிகிரிக்குள் அடங்கிவிட்டது. திராட்டில், மிக்ஸ்சர் கம்பிகளில் கருகல் இல்லை. இரண்டும் தடையின்றி ஓடுகின்றன. மேக்னெட்டோக்கள் இரண்டும் சுவிட்சுக்குக் கட்டுப்படுகின்றன.

முதலில் கழற்றி வீசவிருந்த பழைய ஆயில் அழுத்த உணரியை, முள் மீட்டரோடு ஒரு கைப்பம்பில் சேர்த்து மாட்டி, பத்து பி.எஸ்.ஐ. படிகளில் அதன் தடையை அளந்தேன். அந்த வகை உணரிக்கான தடைப் பட்டியலில் உள்ள எண்களோடு ஒத்துப்போகிறது. சீட்டு எழுதி, உதிரிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.